இருபத்து நாலாவது பக்கம்

தம்பி,

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன். எழுதியதையே திரும்ப எழுதுகிறேன். சர்க்கரை ஏறியிருக்குமோ என்று நேற்று டெஸ்ட் எடுத்துப் பார்த்தேன், அதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அதிர்ச்சி, அதிர்ச்சி என்று எத்தனையோ தடவை வாயால் சொல்லியிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அறுபத்தொரு வயசில்தான் உடம்புக்குத் தெரிகிறது. பதினைந்து வருஷம் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவன் நான். என் கண் முன்னால் ஜீப் புரண்டு கூட இருந்தவன் நசுங்கியதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக்கூட ராத்திரி சோறு இறங்கியது. இப்போது இறங்கவில்லை. உன் அம்மா என் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாதான் ஆச்சி உங்களுக்கு? பேயடிச்ச மாரி ஒக்காந்திருக்கீங்க" என்கிறாள். அவளிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். டிசம்பரில் பதினைந்து நாள் லீவில் வருவதாகவும் கட்டிக்கொண்ட பெண்ணை முதல் தடவையாக அழைத்து வருவதாகவும் சொன்னாய். உன் கல்யாணம் அங்கே மேரியில், நகராட்சி அலுவலகத்தில், ஒரு கையெழுத்தோடு முடிந்துபோனது. மருமகளைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறோம். அதனால் உன் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்புறம் நீ சொன்னாயே, "பீச் பக்கமா ஒரு லாட்ஜுல ரூம் சொல்லிட்டேம்மா, அங்கயே தங்கிக்கிறோம்" என்று, அப்போது அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். "வீட்ட வெச்சிக்கினு லாட்ஜா? ஆரத்தி எங்கடா எடுக்கறது, லாட்ஜ் வாசல்லயா?" என்றாள். நான் போனைப் பிடுங்கினேன். "மாடி ரூம் யாருக்குடா கட்டி வெச்சிருக்கேன்? நம்ம சாரம் ஏரியால நாலு பேரு இன்னா பேசுவான்? ஒழுங்கா வீட்ல வந்து எறங்கு" என்று கத்தினேன். நீ "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றாய். அவ்வளவுதான். எனக்கு ரத்தம் கொதித்தது. பிரான்சுக்குப் போய் ஐந்து வருஷத்தில் பிள்ளைக்குக் கொழுப்பு ஏறிவிட்டது, பெற்றவன் வீடு நாறுகிறது போலிருக்கிறது என்று அன்று முழுக்கப் புலம்பித் தீர்த்தேன்.

நான் விடுகிற ஆளா? மாடி ரூமைப் பளிச்சென்று ஆக்கிவிட்டால் உன்னால் மறுக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். பெயிண்டருக்குச் சொன்னேன். அங்கேயே பிறந்து வளர்ந்த பெண்ணாச்சே என்று வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கும் சொன்னேன். பெயிண்டர் வருவதற்கு முன்னால் பரணை ஒழிக்க வேண்டும் என்று உன் தங்கையைக் கூட வைத்துக்கொண்டு வியாழக்கிழமை காலையில் மாடிக்கு ஏறினேன். பரண்மேல் ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள்ளே அந்த கேம் மெஷின் இருந்தது. மேல்மூடி பிளந்து, ஒரு பக்கம் உள்ளே அமுங்கி, வயர் எல்லாம் ஒழுங்காகச் சுற்றிக் கட்டிவைக்கப்பட்டு. அதற்கு அடியில் பிரவுன் அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று.

மெஷினைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்துவிட்டது. உன் மாமா ரெண்டாயிரமாம் வருஷம் லீவில் வந்தபோது உனக்கென்று வாங்கி வந்தது. உனக்கு அப்போது பதினாறு. டிவியில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவனை ஒருவன் அடித்துத் தள்ளுகிற கேம். படிக்கிற பிள்ளைக்கு அடிதடி எதற்கு என்று எனக்கு முதல் நாளே எரிச்சல். நம் வீட்டில் சாயந்திரம் ஆறு மணி என்றால் திக்தே நேரம். நான் பிரெஞ்சில் வாசிப்பேன், நீ கேட்டு எழுத வேண்டும். எங்களை மாதிரி சொல்தா குடும்பங்களில், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்கள் வீடுகளில், பிள்ளைக்குப் பிறக்கும்போதே பிரெஞ்சுப் பிரஜை என்ற காகிதம் இருக்கும், பாஷை இருக்காது. அந்தப் பாஷையை நான் மர ரூலரால் ஊட்டினேன். ஒரு தப்புக்கு ஓர் அடி. ஒருநாள் ஆறு மணி அடித்து ஐந்து நிமிஷம் ஆகியும் நீ மேசைக்கு வரவில்லை. மாடிக்கு வந்து பார்த்தால் கேம். மெஷினை அப்படியே வயரோடு பிடுங்கி மாடியிலிருந்து முற்றத்தில் போட்டேன். நீ அழவில்லை, கத்தவில்லை. கீழே இறங்கிப் போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாய். அதையும் திமிர் என்றுதான் நான் நினைத்தேன்.

நோட்டைத் திறந்தால், அடேயப்பா! முதல் பக்கத்திலிருந்து பொடிப்பொடியாக உன் கையெழுத்து. கேமில் வருகிற ஆளுக்கு ஒரு பக்கம். மொட்டை, சடைக்காரி, பூட்ஸ்காரன் என்று நீங்களாக வைத்த பெயர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அதே நாலு தலைப்பு: கிளம்பும் அடையாளம், தூரம், தடுப்பது, அடித்த பிறகு. எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. உன் தங்கைதான் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கினாள். "சும்மா பட்டனத் தட்டிக்கினே இருந்தா ஜெயிக்க முடியாதுப்பா. ஒவ்வொரு ஆளுக்கும் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன அசைவு இருக்கும். மொட்டைன்னா குத்தறதுக்கு முன்னாடி வலது தோள எறக்குவான். தோள் எறங்குன ஒடனே நாம ஒக்காந்துடணும். குத்து தலைக்கு மேல போயிடும். பெரிய அடி அடிச்சவன் ஒடனே சுதாரிக்க முடியாது, கொஞ்ச நேரம் தெறந்த மாரி நிப்பான். அப்பதான் நாம போகணும். அதான் நாலாவது தலைப்பு." நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தான் என்று கேட்டதற்கு அவள் சொன்னாள்: "அடி வாங்கித்தான். புது ஆள் வந்தா அண்ணன் மொதல்ல பத்து ஆட்டம் வேணும்னே தோப்பான். கைய வெச்சிக்கினு சும்மா நிப்பான். எந்த அடி எங்கேர்ந்து வருதுன்னு பாத்து எழுதிக்குவான்."

தம்பி, அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? மண்டையில் ஒன்றும் ஏறாத பிள்ளை என்று உன்னை ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு பட்டாளத்து ஆபீசர்கூட எதிரியைப் பற்றி இவ்வளவு சுத்தமாக எழுதிவைக்க மாட்டான். மெஷினை நான் உடைத்த பிறகும் நீ விடவில்லை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கேம் சென்டருக்குப் போய்க் கற்றுக்கொண்டிருக்கிறாய் என்று பக்கங்களைப் பார்த்தாலே தெரிந்தது. கேம் சென்டர் என்று நான் சொன்னதும் உன் தங்கை துடைப்பத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அன்னிக்கி நீங்க அங்க போனீங்களே, ஞாபகம் இருக்காப்பா? அது போட்டி. அண்ணன் பைனல்ல இருந்தான். காலாப்பட்டு யுனிவர்சிட்டில படிக்கிற ஒரு பெரிய பையன்கூட."

ஞாபகம் இல்லாமல் என்ன. டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டுப் போனாய் என்று எனக்கு யாரோ சொல்லி, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரே புழுக்கம், முப்பது பையன்கள், எல்லாரும் உன் முதுகுக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உனக்காகத்தான் கத்தினார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பிடரியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று விட்டேன். சத்தம் கப்பென்று நின்றுவிட்டது. நீ கையிலிருந்ததை மெதுவாகக் கீழே வைத்தாய். எதிரே இருந்த பையனிடம் "சாரிண்ணா" என்றாய். அப்போது நான் திரையைப் பார்த்தேன். உன் ஆள் அசையாமல் நின்று அடி வாங்கிக்கொண்டிருந்தான், மற்றவன் விரலை எடுக்க மறந்து அடித்துக்கொண்டே இருந்தான். அந்தக் காட்சி எனக்கு இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நினைவுக்கு வந்ததில்லை. இப்போது கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

சரி, நடந்தது நடந்துவிட்டது, பிள்ளை வந்ததும் இந்த நோட்டைக் கையில் கொடுத்து ஒரு வார்த்தை பாராட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போனேன். கேமில் மொத்தம் இருபத்து மூன்று பேர் என்றாள் தங்கை. நோட்டில் இருபத்து நாலு பக்கம் இருந்தது. கடைசிப் பக்கத்துக்கு மட்டும் பெயர் இல்லை. முதல் தலைப்பின் கீழே, "கண்ணாடியைக் கழட்டுவார். காலை மடித்து மேசையின் இடது மூலையில் வைப்பார்" என்று இருந்தது. நான் சிரித்தேன், தம்பி. சத்தியமாகச் சிரித்தேன். "இது யாரு புதுசா, கண்ணாடிலாம் போட்டுக்கினு சண்டைக்கு வரான்?" என்று தங்கையைக் கேட்டேன். அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். அடுத்த வரி: "பிறகு வாட்ச். வாட்சைக் கழட்டிவிட்டால் அடி நிச்சயம்." என் கை தானாக எழும்பி மூக்கின்மேல் இருந்த கண்ணாடியைத் தொட்டது. ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

மற்றவர்களை எல்லாம் அடிப்பான், உதைப்பான் என்று எழுதியவன் எனக்கு மட்டும் மரியாதை போட்டு எழுதியிருந்தாய். "தூரம்: நாற்காலியிலிருந்து கதவு வரை. கதவுக்கு வெளியே அடிக்க மாட்டார், பக்கத்து வீட்டில் தெரியும்." அந்த வரியைக் குறுக்கே அடித்துவிட்டு வேறு பேனாவில், "தவறு. வெளியிலும் அடிப்பார்" என்று திருத்தியிருந்தாய். அது கேம் சென்டருக்குப் பிறகு எழுதியது. யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. "தடுப்பது: தடுக்கக் கூடாது. கையை இழுத்தால் இன்னும் இரண்டு. நீட்டிவிட வேண்டும். கண்ணாடி கழண்ட உடனே தங்கச்சியைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட வேண்டும்." இதைப் படித்ததும் உன் தங்கை அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "தெனம் தண்ணி எடுத்தாரப் போவேம்ப்பா. அண்ணனுக்கு ஏன் தெனம் அந்த நேரத்துல தாகம் எடுக்குதுன்னு நெனப்பேன்." இருபது வயசுப் பெண் பத்து வயசுக் குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதாள். தொட்டால் இவள் பதறிவிடுவாளோ என்று பயந்து நான் கிட்டே போகவில்லை. பெற்ற பெண்ணைத் தொட அப்பனுக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் போட்டு, சோதனை என்று எழுதியிருந்தாய். திங்கள், வேண்டுமென்றே மூன்று தப்பு, மூன்று அடி. செவ்வாய், ஆறு தப்பு, அடி இல்லை, சிரித்துவிட்டுப் போய்விட்டார். புதன், ஒரு தப்புகூட இல்லை, காப்பியடித்தாய் என்று பத்து அடி. தப்பே இல்லாமல் எழுதிய பிள்ளையைப் பத்து அடி அடித்திருக்கிறேன், தம்பி! எவ்வளவு யோசித்தும் அந்த நாள் எனக்கு ஞாபகம் வரவில்லை. உனக்கு மறக்கவே மறக்காத ஒரு நாள் எனக்கு இருந்த இடம்கூடத் தெரியாமல் போயிருக்கிறது. இரண்டு வாரம் இப்படி அடி வாங்கிச் சோதித்துவிட்டுக் கடைசியில் முடிவு எழுதியிருந்தாய்: "தப்புக்கும் அடிக்கும் சம்பந்தம் இல்லை. பிரான்சிலிருந்து கடிதம் வந்த நாளில் அடி கட்டாயம்."

எனக்கே தெரியாத என்னை ஒரு பதினாறு வயசுப் பையன் கண்டுபிடித்து எழுதிவைத்திருக்கிறான். ஆமாம், ரெஜிமென்ட் சிநேகிதர்களிடமிருந்து கடிதம் வரும். அவர்கள் பிள்ளைகள் அங்கே என்ன படிக்கிறார்கள், யார் எந்த வேலையில் சேர்ந்தார்கள் என்று இருக்கும். படித்த உடனே எனக்குப் பழசெல்லாம் ஏறிவிடும். உன்னிடம் நான் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அங்கே இருந்த பதினைந்து வருஷமும் என் பிரெஞ்சைக் கேட்டுச் சிரித்தார்கள். ஒரு கப்போரால், பதவியில் எனக்கு மேலே, வயசில் என்னைவிடப் பத்து வருஷம் சின்னவன், சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் என்னைப் பேசச் சொல்லிச் சிரிப்பான். நானும் கூடச் சிரிப்பேன். ஊருக்கு வந்ததும் கோட்டும் தொப்பியுமாகப் பெரிய மனுஷன் ஆகிவிட்டேன். அவனைத் திருப்பி அடிக்க முடியாமல் கொண்டுவந்த கையை உன்மேல் வைத்திருக்கிறேன். பழியை அவன்மேல் தூக்கிப் போட்டுத் தப்பித்துக்கொள்ள இதைச் சொல்லவில்லை. பையன் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

பக்கத்தின் அடியில், "ஜெயிக்க வழி: இல்லை. வெளியே போய்விடுவது ஒன்றுதான். அதற்குப் பிரெஞ்சு வேண்டும்" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய்.  நீ பாஸ் பண்ணி, விமானம் ஏறியபோது நான் என்னவெல்லாம் பேசினேன்! எல்லாம் என் திக்தே, என் ரூலர் செய்த வேலை என்று கண்டவனிடமெல்லாம் மார்தட்டினேன். பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்களுக்கு யோசனைகூடச் சொன்னேன். உன் விமானம் கிளம்பியபோது கையசைத்தவன், நீ என்னிடமிருந்து தப்பித்துப் போகிறாய் என்று தெரியாமல் கையசைத்திருக்கிறேன். அதற்கு மேல் படிக்க முடியாமல் நோட்டை மூடிவிட்டேன். பெயிண்டரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ இப்போது கண்ணாடி போடுகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, தெரியும். ஆனாலும் ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன், தூக்கிப் போடுவதானால் போட்டுவிடு. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழட்டாதே. அது இல்லாவிட்டால் எனக்கு ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் கலங்கலாகத்தான் தெரியும். உடைந்துவிடுமே என்று கழட்டுவதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உன் முகம் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் கழட்டினேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. நாளைக்கு உனக்கும் ஒரு குழந்தை பிறக்கும். அதன் முகம் முழுசாகத் தெரிகிற மாதிரியே இருந்துகொள்.

மறுநாள் காலையில் தனியாக மாடிக்கு ஏறிப் போய், பக்கத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்ததால் நான் விட்டுவிட்ட நாலாவது தலைப்பைப் படித்தேன். "அடித்த பிறகு: பின்பக்கக் குழாயடிக்குப் போவார். முகம் கழுவுவார். பத்து நிமிஷம் யாரையும் பார்க்க மாட்டார். குழாயை மூட மாட்டார், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது கிட்டே போய்ப் பேசலாமா? தெரியவில்லை. முயற்சி செய்து பார்க்கவில்லை."

தம்பி, அந்தக் குழாயை நான் எதற்குத் திறந்து விட்டிருந்தேன் என்றால், என் சத்தம் உங்களுக்குக் கேட்கக் கூடாது என்றுதான். உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. ரூலர் பட்ட இடத்தில் உன் கை எப்படிச் சிவந்திருக்கும் என்று நினைத்து அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுநாள் ஆறு மணிக்குத் திரும்ப ரூலரை எடுத்திருக்கிறேன். இதைச் சொன்னால் நீ மன்னித்துவிடுவாய் என்று சொல்லவில்லை. அழுதவன் நிறுத்தியிருக்க வேண்டும் இல்லையா? நீ அப்போது கிட்டே வந்து பேசியிருந்தால் கேட்டிருப்பேனா என்று மூன்று நாளாக யோசித்துப் பார்த்துவிட்டேன். கேட்டிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால், என்னை அழுகிற முகத்தோடு பார்த்துவிட்டாய் என்று இன்னொன்று வைத்திருப்பேனோ என்னவோ. நீ முயற்சி செய்து பார்க்காமல் விட்டதில் உன் தப்பு ஒன்றுமே இல்லை.

லாட்ஜிலேயே தங்கு. அம்மாவிடம் பேசிவிட்டேன், ஆரத்தித் தட்டோடு அவளும் தங்கையும் லாட்ஜ் வாசலுக்கே வருவார்கள். ஊரில் நாலு பேர் பேசினால் பேசிக்கொள்ளட்டும். நீ கூப்பிடாமல் நான் அங்கே வரமாட்டேன். அந்தப் பதினைந்து நாளில் ஒருநாள், உனக்கு மனசு இருந்தால், ஆறு மணி வாக்கில் பின்பக்கக் கதவு வழியாக வா. கண்ணாடி முகத்தில்தான் இருக்கும், வாட்ச் கையில் இருக்கும். ரூலரை அடுப்பில் வைத்துவிட்டேன். குழாயடியில் நிற்பேன். குழாய் மூடியிருக்கும். நீ என்ன சொன்னாலும் எனக்குக் கேட்கும்.

அப்பா